பேட்டரி வாத்தியாரும் பேசும் பெட்டியும்

தென்னிந்தியாவிலேயே பேய்க்கு மிக அதிகமாகப் பயந்த மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: மயிலாப்பூர் பேட்டரி வாத்தியார். பல்லி கத்தினால் எழுந்து உட்காருவார். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் "யாரது?" என்பார். "நான்தான் மாமா" என்றால், "நான்தான்னா யாரு? பேரைச் சொல்லு" என்பார். பேரைச் சொன்ன பிறகும் என் கால் தரையில் படுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் பிழைப்பே இறந்தவர்களோடுதான். கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாம் வேறு வாத்தியார்கள் பார்த்துக்கொள்வார்கள். இவர் அபர காரியம் செய்து வைக்கிறவர். ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு பத்து நாள், பதிமூன்று நாள், மாதா மாதம், வருஷா வருஷம் என்று செய்ய வேண்டியதையெல்லாம் பிள்ளைகளை உட்கார்த்திச் செய்ய வைப்பவர். தினமும் காலையில் யாராவது ஒருவருடைய அப்பாவையோ தாத்தாவையோ பேர் சொல்லி, கோத்திரம் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு வருவார். அப்போதெல்லாம் பயமாக இருக்காதா என்று ஒருமுறை கேட்டேன்.

"கூப்பிட்டு வரவா விருந்தாளிடா அம்பி. இலை போட்டா சாப்பிட்டுட்டுப் போயிடுவா. நான் பயப்படறது கூப்பிடாம வரவாளுக்கு" என்றார்.

அப்போது நான் தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே அவர் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குப் பண்ணி வைக்க எந்த வாத்தியார் வருவான்?" என்று சிரிப்பார். தெருவில் அவர் எதிரே வந்தால் வெளியே கிளம்பியவர்கள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். நவராத்திரியில் யாரும் அவரைச் சுண்டலுக்குக் கூப்பிட்டதில்லை. அவர் அதையெல்லாம் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அவருக்குத் துணை, பேட்டரியில் ஓடும் சாமான்கள். இடுப்பில் ஒரு டார்ச், ஒரு பேஜர், தோள்பையில் டிரான்சிஸ்டர், பாக்கெட்டில் திதிகளைக் குறித்து வைக்கும் டிஜிட்டல் டைரி. மின்சாரத்தை நம்ப மாட்டார், அது கண்ட நேரத்தில் போய்விடும் என்பார்.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் போகிற வழிக்கு வெயிலுக்குக் குடை, காலுக்குச் செருப்பு, தாகத்துக்குச் சொம்பு, படுக்கக் கட்டில் என்று தானம் கொடுப்பது வழக்கம். போவது அவர், சாமான் வருவது வாத்தியார் வீட்டுக்கு. கூடம் முழுக்கக் குடைகள் தொங்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து லேசாக அசையும். நான் படுத்த கட்டில் யாரோ ஒரு ரிட்டையர்டு நீதிபதிக்காகக் கொடுத்தது. அதில் புரண்டு படுக்கவே எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

ஒரு நாள் அவர் மாடியேறி வந்து, "அம்பி, கம்ப்யூட்டர் வாங்கணும்" என்றார். திதி கணக்குப் போட வேண்டுமாம். பாதிப் பேருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேதி சொல்ல வேண்டுமாம். காரியம் நடக்கிற இடத்துக்கே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வேண்டுமாம்.

மவுண்ட் ரோடை ஒட்டிய ஒரு சந்துக்கு அழைத்துப் போனேன். வெளிநாட்டுப் பழைய கம்ப்யூட்டர்களைக் குவித்து வைத்திருக்கிற கடை. கடைக்காரர் வாத்தியாரின் குடுமியைப் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்தார்.

"வா சாமி. மடியில வெச்சிக்கிறா மாதிரி சின்னது கீது, எடுத்தாரட்டா?"

சின்னதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார் வாத்தியார். "என்னய்யா இது, சிலேட்டு மாதிரி இருக்கு. இதுக்குள்ள என்னத்தை வச்சிருக்கப் போறான்?" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கண் கடையின் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த ஒன்றின் மேல் போயிற்று. கறுப்பாக, அகலமாக, ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது.

"அத்த கேக்காத சாமி, அது ஆனை" என்றார் கடைக்காரர். "மேஜை மேல வெக்கிற கம்ப்யூட்டர்ல இன்னாலாம் கீதோ, அல்லாம் அதுக்குள்ள கீது. பெரிய ஸ்கிரீனு, ஸ்பீக்கரு, மைக்கு, சிடி, ஃப்ளாப்பி. வந்தப்போ அமெரிக்காலயே அதான் உசத்தி. ஆனா தூக்கினு போவ தனியா ஆளு வேணும். எவனும் சீந்த மாட்றான்."

"கரண்ட் போனா?"

"பேட்டரி கீது சாமி."

அந்த ஒரு வார்த்தையோடு வியாபாரம் முடிந்துவிட்டது. விலையைக் கேட்டு நான் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "இது யார்கிட்ட இருந்துது?" என்று வாத்தியார் கேட்டார். "எவனோ வெச்சிருந்தான், கை மாறிக் கை மாறி வந்துச்சு. எனுக்கு இன்னா தெரியும்?" என்றார் கடைக்காரர்.

ஆட்டோவில் வரும்போது, இந்தப் பணத்துக்கு மேஜைக் கம்ப்யூட்டர் இரண்டு வாங்கலாம் என்று புலம்பினேன். வாத்தியார் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"ஆத்துல இருக்கறதெல்லாம் போனவா சாமான்டா அம்பி. குடிக்கற சொம்புகூட. ஒண்ணாவது நானா கடைக்குப் போயி, நானா பார்த்து, நானா வாங்கினதா இருக்கட்டுமே. வாங்கறதுன்னு ஆச்சு, பெரிசாவே இருக்கட்டும்" என்றார். நானும் ஒரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, பெட்டியை உயிர்ப்பித்தார். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம், யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுவது போலவே இருந்தது. சிறிது நேரம் விடும், நிற்கும், பெருமூச்சு ஒன்று வரும், மறுபடி தொடங்கும். வேலை முடிந்ததும் எப்படி நிறுத்துவது என்று காட்டப் போனேன். காதைப் பொத்திக்கொண்டார். "நல்ல நாள்ல ஏத்தினதை அணைக்கறதாவது! மூடி வச்சா போறும்" என்றார். கடிகாரம் அமெரிக்க நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் மாற்ற விடவில்லை. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு அகாலத்தில் போன் செய்யாமல் இருக்க அது உதவுமாம். எந்நேரமும் மூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, வேறு தேசத்து நேரத்தில் வாழ்ந்துகொண்டு, அந்தப் பெட்டி அவர் வீட்டில் குடியேறிவிட்டது.

அந்த வாரமே சரஸ்வதி பூஜை. ஞாயிற்றுக்கிழமை. வாத்தியார் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ஒயரைப் பிடுங்கி ஓரமாகச் சுருட்டி, பட்டு வேஷ்டி போர்த்தி, மாலை சாத்தி, பஞ்சாங்கத்தோடும் என் இரண்டு பாடப் புத்தகங்களோடும் பூஜை அலமாரிக்குக் கீழே மணையில் வைத்தார். பூஜை முடிந்து, சாயங்காலம் இருட்டத் தொடங்குகிற நேரத்தில், இருவரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. ராகு காலம் என்பதால் பெரிய விளக்கைப் போட அவர் எழுந்திருக்கவில்லை.

"டேய், அம்மாவுக்குப் போன் பண்ணுடா. பாவம், காத்துண்டிருப்பா."

வாத்தியார் கையிலிருந்த சுண்டல் வாய்க்குப் போகாமல் நின்றது.

"அம்பி, நீயா பேசினே?"

"இல்லை மாமா."

"நானும் பேசலை." சுற்றிலும் பார்த்தார். "அப்போ இந்த ஆத்துல மூணாவதா யாரு?"

வாலிபக் குரல். நிதானமாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பட்டு வேஷ்டிக்குள்ளிருந்து வந்தது. சிறிது நேரம் கழித்து அதே குரல், அதே வார்த்தை, மூச்சு விடும் இடம்கூட அதே. பட்டை விலக்கிப் பார்க்கலாம் என்று நான் எழுந்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தொடாதே! சரஸ்வதி பூஜைல வச்சதைத் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆகணும்."

"மாமா, அது பேசறது!"

"என்ன பேசினாலும் நாளைக்குத்தான்!"

உலகத்தில் எந்த ஊரிலும் ஒரு கம்ப்யூட்டர் பேசினால் போய் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். நாங்கள் மட்டும் கூடத்தின் இன்னொரு மூலையில், குடைகளுக்குக் கீழே, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, அது சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலைந்து தடவை பொறுத்துப் பார்த்தார் வாத்தியார். பிறகு அங்கிருந்தபடியே, "பண்றேன்பா, நாளைக்குப் பண்றேன்" என்று பணிவாகப் பதில் சொன்னார். குரல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னது. விடிந்து, புனர்பூஜை முடித்து, பட்டை எடுத்தபோது பேட்டரி தீர்ந்து பெட்டி அடங்கிக் கிடந்தது. மறுபடி ஓட விட்டபோது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வேலை செய்தது.

பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

அடுத்த ஞாயிறு மழை. மேகம் கவிந்து, சாயங்காலமே ஊர் கறுத்துவிட்டது. தெரு முழுக்க மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் கூடத்து ஜன்னலில் வெளுத்த நீல வெளிச்சம். மூடியைத் திறந்து வைத்திருந்த பெட்டி தானாகவே விழித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அத்தனை குடைகளின் நிழலும் சுவரில் பெரிதாகத் தொங்கியது. "டேய், அம்மாவுக்குப் போன் பண்ணுடா" என்றது குரல். அன்று நான் தைரியமாக நின்றேன் என்று எழுத ஆசைதான். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டிருந்தேன். வாத்தியார் ஓடவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

"போயிட்டவன் குரல்டா அம்பி, சந்தேகமே இல்லை" என்றார், பல் கிட்டிக்க. "உயிரோட இருக்கறவன் எவனாவது இப்படி ஒரு மெஷினை விட்டுக்குடுப்பானா?"

அவருக்குத் தெரிந்து ஒருவர் சாமான் இன்னொருவர் வீட்டுக்கு வருவது ஒரே வழியில்தான். ஆசையாகத் தானே போய் வாங்கியதும் அந்த வழியில்தான் வந்திருக்கிறது என்று நினைத்தபோது அவர் முகம் ரொம்பச் சின்னதாகிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் அவர் தொழில் முறைப்படி இறங்கினார். பெட்டிக்கு முன் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டார். எள் கீபோர்டின் விசைகளுக்கு இடையில் விழுந்து, அன்றிலிருந்து மூன்று எழுத்துகள் வேலை செய்யவில்லை. ஜன்னலில் சாத உருண்டை வைத்தார். காக்கை ஒன்று வந்தது, திரையைப் பார்த்தது, சாதத்தைத் தொடாமல் போய்விட்டது. "பேரும் கோத்திரமும் தெரியாம எப்படி ஏத்துப்பான்? அம்பி, மெஷினைத் திறந்து பேரையும் கோத்திரத்தையும் எடுத்துக் குடு" என்றார்.

"கோத்திரமெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்காது மாமா."

"பேராவது பாரு."

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கொஞ்சம்தான். சாயங்காலம் வரை துழாவினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டிருந்தார்கள்: வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஞாபகப்படுத்தும் அலாரம். மணி அடிப்பதற்குப் பதிலாகத் தன் குரலையே மைக்கில் பதிந்து வைத்திருந்தான் எவனோ. யாராவது நிறுத்தும் வரை திரும்பத் திரும்பச் சொல்லும். கடிகாரம் அமெரிக்க நேரத்திலேயே இருந்ததால், அவன் அங்கே காலையில் எழுந்து பேசுகிற நேரம் இங்கே சரியாக ராகு காலம். பக்கத்தில் 'அம்மா, அடையாறு' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது, கீழே ஒரு டெலிபோன் நம்பர்.

"பார்த்தேளா! பேயும் இல்லை, பிசாசும் இல்லை, வெறும் அலாரம்" என்று குதித்தேன்.

வாத்தியார் குதிக்கவில்லை. "குரல் எங்கேர்ந்து வரதுன்னு சொல்லிட்டே. குரலுக்குச் சொந்தக்காரன் எங்கே?" என்றார். "அந்த அம்மா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா டெலிபோன் பக்கத்துல உக்காந்துண்டிருப்பாளேடா. பிள்ளை போனது தெரியுமோ தெரியாதோ? தெரியாட்டா எத்தனை நாளைக்குத்தான் உக்காந்துண்டிருப்பா?"

அலாரத்தை எடுத்துவிட அவர் சம்மதிக்கவில்லை. போன் செய்து கேட்டுவிடலாம் என்றேன். "போன்ல சொல்ற சேதியாடா இது?" என்று கோபித்துக்கொண்டார். நேரில் போக வேண்டும், போய் முதலில் விசாரிக்க வேண்டும், தெரியவில்லையென்றால் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பஞ்சகச்சமும் குடுமியுமாக அவர் வாசலில் போய் நின்றாலே அந்த வீட்டில் சொல்லாமலே புரிந்துவிடும். எனவே வாழ்க்கையில் முதல்முறையாகப் பேண்ட் போட்டுக்கொண்டார். என்னுடையது. கால் இரண்டும் தரையில் புரண்டன. குடுமியை மறைக்கக் குரங்குக் குல்லா. அடுத்த ஞாயிறு, ராகு காலத்துக்கு முன்பே கிளம்புவதாகத் திட்டம். பேண்டில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. பெட்டியை அந்த அம்மாவிடமே சேர்த்துவிட வேண்டும் என்று அதையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அடையாறு பாலத்தின் மேல் மழையில் வண்டிகள் நகரவில்லை. கீழே ஆறு கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வைத்துப் பேசத் தொடங்கியது பெட்டி. ஆட்டோக்காரர் சட்டென்று திரும்பினார்.

"இன்னா சாமி, பொட்டிக்குள்ள ஆளு எவனாச்சும் கீறானா?"

"இல்லைப்பா, ரேடியோ" என்றேன். திறந்து நிறுத்தலாமென்றால் வாத்தியார் பெட்டியை விடவில்லை, ராகு காலத்தில் திறக்கக் கூடாதாம். மறுபடி பேசியது. மறுபடியும் பேசியது. ஆட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தாளு அம்மாவுக்குப் போன் போடச் சொல்லி எத்தினி வாட்டி சொல்லிகினு கீறாரு, நீ கேக்காத மாதிரியே குந்திகினு கீறியே. போட்டுடு நைனா. அம்மா பாவம்."

வாத்தியார் குல்லாவுக்குள் தலையை ஆட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

காந்தி நகரில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி. அங்கேயும் மின்சாரம் இல்லை. கதவைத் திறந்த மாமி கையில் மெழுகுவத்தி இருந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாத்தியாரையே பார்த்தாள். மெழுகுவத்தி கொஞ்சம் ஆடியது. பிறகு மாமி மெல்லக் கேட்டாள்.

"டெலிபோன் ஆபீஸ்லேர்ந்தா?"

வழி முழுக்க வாத்தியார் வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். 'மனசைத் திடப்படுத்திக்கோங்கோ' என்று தொடங்கும். வாயைத் திறந்தார்.

"ஆமாம்" என்றார்.

மாமி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். "வாங்கோ, வாங்கோ. வந்து வந்து பார்க்கறா, லைன் நன்னாயிருக்குங்கறா. நன்னாயிருந்தா ஏன் மணி அடிக்கலை? வாரம் தவறாம எங்க ரகு அமெரிக்காலேர்ந்து பேசுவான். மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, போனே வரலை. பெரிய மெஷின் கொண்டு வந்து பாருங்கோன்னு சொல்லியிருந்தேன்." பெட்டியைப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா கொண்டு வருவேள்னு நினைக்கலை."

வாத்தியார் என்னைப் பார்த்தார். தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமி, பிள்ளைகிட்டேர்ந்து வேற ஏதாவது தகவல்..." என்று இழுத்தார்.

"மாட்டுப்பொண்ணு லெட்டர் போட்டிருக்காளே, நேத்திக்குத்தான் வந்துது. எல்லாரும் சௌக்கியமாம். ரகு பழைய கம்ப்யூட்டரை வித்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கியிருக்கானாம், பைக்குள்ள அடங்கறாப்பல."

"உசிரோட இருக்கானா!" என்று கத்திவிட்டார் வாத்தியார். நான் அவர் காலை மிதித்தேன். அது பேண்ட் நுனி மட்டும்தான். "லைன்... லைன்ல உசிர் இருக்கான்னு கேட்டேன் மாமி" என்று சமாளித்தார். டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தார். அந்த அமைதியில் எனக்கே கேட்டது, டயல் டோன் கணீரென்று வந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரமாகப் பேய் என்று பயந்தோம். இப்போதுதான் எனக்கு நிஜமாக உடம்பு சில்லிட்டது. செத்துப்போனதாக நாங்கள் நினைத்த பிள்ளை வாரம் தவறாமல் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தான். நியூஜெர்சியிலோ எங்கேயோ சுகமாக இருக்கிற பிள்ளைதான், ஞாபகப்படுத்த இந்தப் பெட்டி இல்லாததால், அம்மாவை மறந்துபோயிருந்தான். டெலிபோன் பழுது என்று நம்பிக்கொண்டு மாமி மெழுகுவத்தியோடு நின்றாள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதை உடைக்கப் போகிற குரல் வாத்தியார் காலடியில் இருந்தது.

"டேய், அம்மாவு..."

"ஹலோ! ஹலோ! எக்ஸ்சேஞ்ச்! டெஸ்டிங்!" என்று அலறினார் வாத்தியார். மந்திரம் சொல்லிக் குரலை அமுக்கலாமென்று பார்த்தாராம். அவருக்குத் தெரிந்த மந்திரம் எதையும் அந்த வீட்டில் சொல்லக் கூடாதென்று ஹலோவுக்கு மாறினாராம். நான் பெட்டியைத் திறக்கப் பாய்ந்தேன். இருட்டில் பூட்டு கைக்கு அகப்படவில்லை. அடுத்த தடவை குரல் வந்தபோது வாத்தியாருக்கு இருமல் வந்துவிட்டது. அது முழுசாகப் பேசி முடித்தது.

"டேய், அம்மாவுக்குப் போன் பண்ணுடா. பாவம், காத்துண்டிருப்பா."

மாமி மெழுகுவத்தியைக் கீழே வைத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இது எங்க ரகுன்னா பேசறான்?"

வாத்தியார் ரிசீவரை வைத்தார். "ஆமாம் மாமி" என்றார். அவர் குரலில் நடுக்கம் இல்லை. "அங்கேர்ந்து பேசினது இங்க வந்து சேராம லைன்ல மாட்டிண்டிருக்கு. அதான் மெஷின்ல கேக்கறது. எடுத்து விட்டுடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சரியாயிடும்."

மாமி கேட்டாளா என்று தெரியவில்லை. பெட்டியின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "காத்துண்டிருப்பான்னு சொல்றான் பார்த்தேளா? நான் காத்துண்டிருக்கறது அவனுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு" என்றாள்.

"நன்னாத் தெரியும் மாமி. லைன்தான் விடலை" என்றார் வாத்தியார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டெஸ்ட் செய்ய வேண்டும் என்று பிள்ளையின் நம்பரை வாங்கிக்கொண்டு, நேராக மூலையிலிருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குள் நுழைந்தார். பெட்டியும் நாங்கள் இருவரும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் எப்படி அடங்கினோமோ தெரியாது. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை. பிள்ளையே எடுத்தான். வாத்தியாருக்குப் பழக்கதோஷம்.

"மயிலாப்பூர்லேர்ந்து அபர காரியம் பண்ணி வைக்கற வாத்தியார் பேசறேன். அடையாறுல உங்கம்மா விஷயமா..."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பெட்டிக்குள் கேட்ட அதே குரல், "அம்மா எப்போ... எப்படி..." என்று உடைந்தது.

வாத்தியார் திடுக்கிட்டுப் போனார். சொன்னது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயோ, இல்லைப்பா! அழாதே! அம்மா நன்னாயிருக்கா, இப்பத்தான் பார்த்துட்டு வரேன்" என்று பதறினார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"உன் பழைய மெஷின் என்கிட்டதான் இருக்கு. நீ மறந்தாலும் அது மறக்கலை. அதுக்குப் போன் பண்ணத்தான் தெரியலை. இதோ பாரு, அம்மா போனப்புறம் வருஷா வருஷம் திதி சொல்லி உன்னை ஞாபகப்படுத்த என்னை மாதிரி ஆயிரம் பேர் வருவா. அது எங்க தொழில். இருக்கறச்சே ஞாபகப்படுத்தறது எங்க தொழில் இல்லை, குழந்தே. அது உன்னோடது."

அந்தப் பக்கம் அழுகை நிற்கவில்லை. வாத்தியார் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அழட்டும் என்று விட்டுவிட வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு, லைன் சரியாயிற்றா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று மறுபடி பேண்ட், மறுபடி குல்லா. மழை விட்டிருந்தது. மாமி கதவைத் திறந்து, "வாங்கோ வாத்தியாரே" என்றாள்.

வாத்தியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ரொம்ப வருஷம் முன்னாடி, வேற ஆத்துல இருக்கறச்சே, எங்காத்துக்காரர் காரியத்துக்கு நீங்கதானே வந்தேள், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. குல்லா போட்டா தெரியாம போயிடுமா?" என்றாள் மாமி. "அன்னிக்கு வாசல்ல உங்களைப் பார்த்ததும் ரகுவுக்குத்தான் ஏதோ ஆயிடுத்துன்னு எனக்கு உசிரே போயிடுத்து. டெலிபோன் ஆபீஸான்னு கேட்டுப் பார்த்தேன். நீங்க ஆமாம்னு சொன்னேள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் உங்களுக்கு என்ன செய்யப் போறேன்!"

வாத்தியார் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போது உள்ளே போன் மணி அடித்தது. மாமி சின்னப் பெண் மாதிரி ஓடினாள். "டேய் ரகு" என்பது கேட்டது. பிறகு பேச்சு, இரைச்சல், கேள்விமேல் கேள்வி. நடுவில் அவன் என்ன சொன்னானோ, மாமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாத்தியார் உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டார்.

"உக்காரலாமே மாமா, ஏன் இங்கேயே நின்னுட்டேள்?" என்றேன்.

"சித்தே சும்மா இருடா அம்பி" என்றார். "நான் போற ஆத்துலல்லாம் அழற சத்தம்தான் கேட்டிருக்கேன். இது எனக்குப் புதுசா இருக்கு."

மாமி பேசி முடிக்கும் வரை நானும் அவரோடு அங்கேயே நின்றேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.